பட்டனை அழுத்தியும் எழாத கணினி: முதன்முறை அசெம்பிள் செய்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 டிசம்பரில் என் முதல் கணினியை நானே பூட்டி முடித்தபோது ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. அம்மா சொன்னதற்காக அரை மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகே பட்டனை அழுத்தினேன். மின்விசிறிகள் சுழன்றன. வண்ண விளக்குகள் எரிந்தன. மானிட்டர் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனது. அன்றிரவும் மறுநாளுமாக மூன்று முறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். மதர்போர்டு போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதி, கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றிப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். பக்கக் கண்ணாடியைத் திறந்தான். ஒரு ரேமின் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ‘டக்’ என்று ஒரு சத்தம். படம் வந்துவிட்டது.

அந்த ‘டக்’குக்கு 300 ரூபாய் கொடுத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். ரேமை அரைகுறையாகச் சொருகியதற்காகத் திட்டவில்லை. அது யாருக்கும் நேரும். கணினி எந்த இடத்தில் நின்றுபோனது என்று ஒரு நிமிடம்கூடக் கவனிக்காமல், எல்லாவற்றையும் மூன்று முறை கழற்றினேனே, அதற்காகத்தான். அதன் பிறகு நண்பர்களுக்கும் உறவினர்களுக்குமாகப் பல கணினிகளைப் பூட்டியிருக்கிறேன். சிலது முதல் அழுத்திலேயே எழுந்தன, சிலது எழவில்லை. எழாதவற்றில் பழுதான பாகம் இருந்தது மிகச் சில முறைதான். மற்றதெல்லாம் கைப்பிழை.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டி. நீங்கள் அதற்கு மின்சாரம் கொடுத்த உடனேயே, பட்டனைத் தொடுவதற்கு முன்பே, அது மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும். கேபினெட் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டில் இரண்டு பின்கள் ஒரு கணம் இணைகின்றன. மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ‘எழுந்திரு’ என்று சைகை காட்டுகிறது. 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்கள் வந்து நிலைபெற்றதும், ‘எல்லாம் சரி’ என்ற பதில் சைகை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து திரும்புகிறது. அதன் பிறகுதான் பிராசஸர் கண் விழித்து, பயாஸ் எனப்படும் தொடக்க நிரலை அதன் சிப்பிலிருந்து படிக்கிறது. அந்த நிரல் முதலில் ரேமைத் தேடும், பிறகு படம் காட்ட ஒரு கிராஃபிக்ஸைத் தேடும், கடைசியில் விண்டோஸோ லினக்ஸோ இருக்கும் வட்டைத் தேடும்.

ஆகவே ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன: அசைவே இல்லாமல் கிடப்பது, ஒரு கணம் சுழன்று நின்றுவிடுவது, எல்லாம் ஓடியும் படம் வராதது, படம் வந்து ஏதோ செய்தியோடு நிற்பது. உங்களுடையது இவற்றில் எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதே தாளில் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிக் கணினி எழுந்துவிட்டால், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

கை வைப்பதற்கு முன்

எதைத் தொடுவதற்கு முன்பும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்சை அணைத்து, சுவர் பிளக்கையும் உருவிவிட்டு, கேபினெட் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் நிலைமின்சாரம் பெரிய பயமில்லை. ஏசி அறையில், பாலியஸ்டர் சட்டையோடு, கம்பளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்தால் மட்டும் கவனம் தேவை. அவ்வப்போது கேபினெட்டின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால் போதும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

இன்னொன்று. கணினி ஓடும்போது கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? பலர் இதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று கடைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் வீட்டு சாக்கெட்டில் எர்த் இணைப்பு இல்லாததே காரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்நுழைவு வடிகட்டியில் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம், போக எர்த் இல்லாமல், கேபினெட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனை அழையுங்கள், கணினியைக் குறை சொல்லாதீர்கள்.

அசைவே இல்லை

விளக்கு இல்லை, விசிறி இல்லை, சத்தம் இல்லை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். நான்கு நோய்களில் கண்டுபிடிக்க எளிதானது இதுதான்.

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் ஃபேனைச் சொருகிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரையும் யுபிஎஸ்ஸையும் நடுவிலிருந்து எடுத்துவிட்டு நேரடியாகச் சுவரில் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் அணைந்திருக்கிறது என்று பொருள். சிரிக்காதீர்கள், பொறியியல் படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். மின்கம்பி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் செல்லும் முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்றும் தள்ளிப் பாருங்கள். புதுக் கம்பிகள் இறுக்கமாக இருக்கும்.

அடுத்து, மதர்போர்டின் வலது ஓரத்தில் சொருகும் 24 பின் இணைப்பு. அதன் கொக்கி மதர்போர்டின் பல்லில் மாட்டியிருக்க வேண்டும். பல போர்டுகளில் காத்திருப்பு மின்சாரம் வந்தாலே ஏதாவது ஒரு சின்ன விளக்கு எரியும். அது எரிந்தால் சுவர், கம்பி, எஸ்எம்பிஎஸ், 24 பின் வரை பாதை இருக்கிறது. சந்தேகம் கேபினெட் பட்டன் பக்கம் நகர்கிறது.

அந்தப் பட்டன்தான் இந்த நோயில் முதல் குற்றவாளி. கேபினெட்டிலிருந்து வரும் மெல்லிய கம்பிகளைப் போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் ஒன்பது சிறு பின்களில் சொருக வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களைக் கழற்ற வைத்து, போடாதவர்களைத் தேட வைக்கும் இடம் அது. பெரும்பாலான போர்டுகளில் இரண்டு வரிசைகள் இருக்கும்: ஒன்றில் ஐந்து பின்கள், மற்றதில் நான்கு. நான்கு உள்ள வரிசையில், பின் இல்லாத வெற்றிடத்தை ஒட்டிய இரண்டும் பவர் பட்டனுக்கு. அவற்றுக்கு எதிர் வரிசையில் இருப்பவை ரீசெட் பட்டனுக்கு. பலர் இந்த இரண்டையும் மாற்றிச் சொருகிவிடுகிறார்கள். பட்டன் கம்பியைத் திருப்பிச் சொருகினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்கு மட்டும்தான் நேர், எதிர் பார்க்க வேண்டும். உங்கள் போர்டின் கையேட்டில் இருக்கும் படத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பட்டன் மீதே சந்தேகம் என்றால், கம்பியை உருவிவிட்டு, அந்த இரண்டு பவர் பின்களை ஒரு திருப்புளியின் நுனியால் ஒரு விநாடி சேர்த்துத் தொடுங்கள். பட்டன் செய்வதும் இதைத்தான். கணினி எழுந்தால் பட்டனோ அதன் கம்பியோ கோளாறு. ரீசெட் பட்டனின் கம்பியை அங்கே சொருகிவிட்டால் வேலை ஓடிவிடும்.

இதற்கும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். எல்லாக் கேபிள்களையும் பாகங்களிலிருந்து கழற்றுங்கள். மின்சாரம் இல்லாத நிலையில், 24 பின் இணைப்பின் பச்சைக் கம்பித் துளையையும் அதன் பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கம்பித் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுழன்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது. சுமை இல்லாதபோது விசிறியைச் சுழற்றாத மாடல்களும் உண்டு. அப்போது ஒரு கேபினெட் விசிறியை அதில் இணைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கேபிள்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் எண்ணிக்கையில் தவறிவிட வாய்ப்பு அதிகம். அந்த விளையாட்டு வேண்டாம். 24 பின்னை அப்படியே சொருகிப் பார்க்கும் சோதனைக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தச் சோதனையில் தேறிய எஸ்எம்பிஎஸ் சுமை ஏறும்போதும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணம் சுழன்று நிற்கிறது

விசிறி அரை விநாடி துள்ளிவிட்டு நின்றால், எஸ்எம்பிஎஸ் தன்னையும் உங்கள் பணத்தையும் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது. அதனால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடுகிறது.

முதலில் கேபினெட்டின் பித்தளைத் தாங்கிகளைப் பாருங்கள். மதர்போர்டு நேராக உலோகத் தகட்டில் படாமல் உயர்த்திப் பிடிக்கும் சிறு கால்கள் அவை. கேபினெட் பெரிய ஏடிஎக்ஸ் அளவு, போர்டு சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால், தொழிற்சாலையிலேயே பொருத்திய ஒரு கால் உங்கள் போர்டில் துளையே இல்லாத இடத்துக்கு அடியில் நின்றுகொண்டிருக்கும். அது போர்டின் பின்பக்கப் பற்றவைப்புகளைத் தொட்டால் போதும், கதை முடிந்தது. துளைக்கு நேராக இல்லாத கால் ஒவ்வொன்றையும் கழற்றிவிடுங்கள். தவறி விழுந்த திருகு ஒன்று போர்டுக்குப் பின்னால் கிடக்கிறதா என்று கேபினெட்டைச் சற்றே சாய்த்து ஆட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, பிராசஸருக்கென்று போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் 8 பின் இணைப்பு. அதைச் சொருகாவிட்டால் சில போர்டுகள் எழுந்து உடனே அணையும். சில விசிறிகளை மட்டும் சுழற்றிக்கொண்டு சும்மா நிற்கும். இந்த இணைப்பு நான்கு, நான்காகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கானது ஆறு, இரண்டாகப் பிரியும். இரண்டும் உருவத்தில் அண்ணன் தம்பி போல் இருந்தாலும் உள்ளே நேர், எதிர் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது எளிதில் போகாதபடி துளைகளின் வடிவம் தடுக்கும். முழங்கை வலு காட்டுபவர்கள் அதையும் மீறிச் சொருகியிருக்கிறார்கள். போகவில்லை என்றால் அது அந்த இடத்துக்கு உரியது இல்லை.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் பயன்படுத்தாதீர்கள். பாகங்கள் பக்கம் இருக்கும் முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். சரியாகப் பொருந்தும், சரியாக எரித்துவிடும்.

இந்த நோயின் வேடத்தில் வரும் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சில போர்டுகள் முதல் முறை ரேமின் வேகத்தைக் கற்றுக்கொள்ளும்போது தாமாகவே அணைந்து இரண்டு மூன்று முறை எழும். அணைந்துவிட்டுத் தானாக மறுபடி எழுந்தால், பிளக்கைப் பிடுங்காமல் காத்திருங்கள்.

எல்லாம் ஓடுகிறது, படம் மட்டும் இல்லை

முதன்முறை பூட்டுபவர்களில் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இது. நான் நின்றதும் இங்கேதான். ஆகவே இங்கே நிதானமாகப் போவோம்.

மானிட்டர் கேபிளை எங்கே சொருகியிருக்கிறீர்கள்? தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர், கார்டின் துளையில்தான் சொருக வேண்டும். அது கேபினெட்டின் பின்பக்கம் கீழே, கிடைமட்டமாக இருக்கும். யுஎஸ்பி துளைகளோடு மேலே செங்குத்தாக இருப்பது மதர்போர்டினுடையது. பழைய பழக்கத்தில் கை அங்கேதான் போகும். மானிட்டரில் உள்ளீடு எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இரண்டில் எதற்கு வைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். முடிந்தால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துச் சோதியுங்கள்.

தனி கார்டு வாங்காமல் மதர்போர்டின் துளையை நம்பியிருப்பவர்கள் பிராசஸரின் பெயரை ஒரு முறை வாசிக்க வேண்டும். இன்டெல்லில் பெயரின் இறுதியில் எஃப் இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600க்குக் கிடையாது, 5600ஜிக்கு உண்டு. ரைசன் 5 7600க்கு உண்டு, 7500எஃப்க்குக் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று கேட்கலாம். துளை போர்டினுடையது, படம் பிராசஸரினுடையது. கடையில் விலை குறைவு என்று எஃப் ரகத்தைக் கொடுத்துவிட்டு, கார்டு வேண்டும் என்று சொல்லாமல் விடுவதும் நடக்கிறது.

இதில் தவறில்லை என்றால் மதர்போர்டின் விளக்குகளைப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த பல போர்டுகளில், பெரும்பாலும் 24 பின் இணைப்பின் அருகில், நான்கு சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும்: சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (வட்டு). எம்எஸ்ஐ, அசூஸ், கிகாபைட், ஏஎஸ்ராக் நான்கும் வெவ்வேறு பெயரில் இதைத் தருகின்றன. எழும்போது விளக்கு ஒவ்வொன்றாக எரிந்து அணைந்துகொண்டே போகும். எதில் நின்று எரிந்துகொண்டே இருக்கிறதோ, அங்கேதான் நின்றுபோயிருக்கிறது. என் போர்டில் அன்று டிராம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வண்ண விளக்குகளின் கூத்தில் அதையும் ஓர் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்! விளக்கு இல்லாத மலிவு போர்டு என்றால், சுமார் 50 ரூபாய்க்கு ஒரு சிறு பீப் ஸ்பீக்கர் வாங்கிப் பட்டன் பின்களுக்கு அருகில் இருக்கும் ஸ்பீக்கர் பின்களில் மாட்டுங்கள். பீப் ஒலிகளின் கணக்குக்கு விளக்கம் கையேட்டில் இருக்கும். போர்டுக்குப் போர்டு அது மாறும்.

டிராம் விளக்கு எரிந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் போட்ட கணினி, குறிப்பாக ஏஎம்டியின் ஏஎம்5 வகைப் போர்டுகள், முதல் முறை எழுவதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ரேம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நேரம். கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்வது இரண்டு மணி நேரம் போல் இருக்கும். எழுந்துபோய் ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் அதே விளக்கு என்றால் மட்டும் அடுத்த வேலை.

ரேமைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். துளையின் பள்ளமும் ரேமின் வெட்டும் நேராக இருக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் சமமாக, பயப்படாமல் அழுத்துங்கள். போர்டு லேசாக வளைவது போல் தோன்றும், பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டுகளில்தான் ஏமாற்றம் நடக்கிறது: கொக்கிப் பக்கம் ‘டக்’ என்று மூடிவிடும், மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கும். பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துச் சோதியுங்கள். நான்கு துளைகள் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் வழக்கமான இடம். போர்டில் அவற்றுக்கு ஏ2, பி2 என்று பெயர் அச்சிட்டிருக்கும். முதலில் ஏ2இல் ஒரு ரேம். எழவில்லையா, அதே இடத்தில் மற்ற ரேம். இரண்டும் இல்லையா, பி2. இந்த நான்கு சோதனைகளில் ரேம் பழுதா, துளை பழுதா என்பது பிரிந்துவிடும்.

இரண்டு ரேம்களும் தனித்தனியாக ஏ2இல் ஓடி, பி2இல் மட்டும் எதுவும் ஓடவில்லை என்றால், போர்டைத் திட்டுவதற்கு முன் பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரை நினைத்துப் பாருங்கள். ரேமைக் கட்டுப்படுத்தும் சுற்று பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. கூலரின் ஒரு பக்கத் திருகை மட்டும் முறுக்கியிருந்தாலோ, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ, ரேமின் ஒரு தடம் காணாமல் போகும்.

சிபியு விளக்கு எரிந்தால் அந்த 8 பின் இணைப்பை மறுபடி பாருங்கள். அடுத்த சந்தேகம் பயாஸின் வயது. மதர்போர்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது பிறக்காத பிராசஸரை அதற்குத் தெரியாது. 2018இல் அறிமுகமான பி450 போர்டுகள், 2020 இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசையைப் பழைய பயாஸோடு அடையாளம் காணா. பி660இல் 13ஆம் தலைமுறை இன்டெல், பி650இல் ரைசன் 9000 ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். கடையில் நெடுநாள் இருந்த பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்கலாம். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் தப்பித்தீர்கள்: நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸ் கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் தயார் செய்த பென் டிரைவில், கையேடு சொல்லும் பெயரில் வைத்து, அதற்கென்று குறியிட்ட துளையில் சொருகிப் பட்டனை அழுத்த வேண்டும். பிராசஸரே இல்லாமலும் இது நடக்கும். சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் போர்டு எழாமலே போய்விடலாம். ஆகவே யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள், மின்தடை அறிவித்த நாளில் தொடவே தொடாதீர்கள். அந்தப் பட்டன் இல்லாத போர்டு என்றால், பழைய பிராசஸர் வைத்திருக்கும் கடைக்காரர்தான் கதி. சென்னைக்காரர்களுக்குக் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம்தான்.

பயாஸும் சரியென்றால், கடைசியாகப் பிராசஸரைக் கழற்றுங்கள். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் என்றால் 1331 பின்களும் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. கூலரை இழுக்கும்போது, வெப்பத்தைக் கடத்த இடையில் பூசிய தெர்மல் பசையோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரலாம். முடிந்தால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை மெல்லத் திருகியபடி எடுங்கள். வளைந்த பின்னை மெல்லிய பிளேடால் நிமிர்த்திவிடலாம். இன்டெல்லிலும் ஏஎம்5இலும் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. அவை தலைமுடி போன்ற ஸ்பிரிங்குகள். கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தால் வெளிச்சம் அங்கே மட்டும் வேறு மாதிரி மின்னும். அவற்றை நீங்களே நிமிர்த்த வேண்டாம்.

இதனிடையே, தெர்மல் பசை போட மறந்ததால்தான் படம் வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பசை இல்லாவிட்டாலும், கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியே இருந்தாலும் கணினி எழும். சற்று நேரத்தில் சூடாகித் தானாக அணையும். அது வேறு கதை.

விஜிஏ விளக்கு எரிந்தால் கார்டைக் கழற்றி, மேல் துளையில் கொக்கி மாட்டும்வரை அழுத்துங்கள். கனமான கார்டுகள் கேபினெட் திருகை இறுக்கும்போது பின்முனை மேலெழும்பித் துளையிலிருந்து சற்றே வெளிவந்துவிடும். கார்டின் தலையில் 6 அல்லது 8 பின் துளைகள் இருந்தால் அத்தனையிலும் எஸ்எம்பிஎஸ் கேபிள் செல்ல வேண்டும். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருக்கிறது என்றால், கார்டையே கழற்றி வைத்துவிட்டு மதர்போர்டுத் துளையில் மானிட்டரை இணைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் கார்டின் குற்றமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எந்த விளக்கும் ஒத்துழைக்கவில்லை என்றால் பயாஸ் அமைப்புகளை அழித்துப் பாருங்கள். மின்சாரத்தை முழுதாக நீக்கி, போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து வையுங்கள். புதுப் போர்டுக்கு இது அரிதாகத்தான் தேவைப்படும். ஒரு முறை எழுந்த பிறகு ரேமின் வேகத்தை ஏற்றிவிட்டு அடுத்த முறை எழாதவர்களுக்கு இது கைகண்ட மருந்து.

மேசைமேல் இறக்குங்கள்

இத்தனைக்கும் பிறகு எழவில்லை என்றால் கேபினெட்டை மறந்துவிடுங்கள். மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வையுங்கள். அதைச் சுற்றி வந்த வெள்ளிநிற உறையின் மேல் வைக்காதீர்கள். அந்த உறையின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பிராசஸர், கூலர், ஒரு ரேம், 24 பின், 8 பின், படத்துக்கு ஒரு வழி. இவ்வளவுதான். எஸ்எஸ்டி, வைஃபை, வண்ண விளக்குகள், யுஎஸ்பி கேபிள்கள் எதுவும் வேண்டாம். திருப்புளியால் பவர் பின்களைத் தொட்டு எழுப்புங்கள்.

இப்படி எழுந்தால் குற்றவாளி கேபினெட்டிலோ நீங்கள் விட்டுவைத்த பாகங்களிலோ இருக்கிறார். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எழுப்பிப் பாருங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் நான் மூன்று முறை கழற்றி மாட்டியதற்குப் பதிலாக ஒரு முறை இதைச் செய்திருந்தால், ஆட்டோக் காசாவது மிஞ்சியிருக்கும்.

மேசையிலும் எழவில்லை என்றால்தான் பாகம் பழுது என்று பேசலாம். நண்பரிடமிருந்து ஓடுகிற எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். அப்படியும் இல்லை என்றால் எஞ்சுவது போர்டும் பிராசஸரும். இரண்டில் போர்டின் மீதே என் சந்தேகம் முதலில் போகும்; புதுப் பிராசஸர் பழுதாக வருவது மிக அரிது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது பில், பெட்டி, சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த மூடி இல்லாமல் வரும் போர்டை உத்தரவாதத்தில் ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. புறப்படுவதற்கு முன் சாக்கெட்டின் பின்களைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பின்னை நீங்கள்தான் வளைத்தீர்கள்’ என்ற பேச்சு வந்தால் உதவும்.

படம் வந்தது, ஆனால்...

இதற்குப் பயப்படத் தேவையில்லை. திரையில் எழுத்து வந்துவிட்டால் கணினி பிழைத்துக்கொண்டது. சிபியு விசிறிப் பிழை என்று வந்தால், கூலரின் கம்பி கேபினெட் விசிறிக்கான பின்களில் இருக்கும். சிபியு ஃபேன் என்று அச்சிட்ட இடத்துக்கு மாற்றுங்கள். ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) பற்றி ஏதோ சொல்லி ஒய், என் என்ற இரண்டு எழுத்துகளில் ஒன்றைக் கேட்கும். வட்டில் இன்னும் எதுவும் இல்லாத புதுக் கணினி என்பதால் தயங்காமல் ஒய் அழுத்துங்கள். பயாஸுக்குள் போய் ரேம் முழு அளவும் தெரிகிறதா, பிராசஸரின் சூடு ஐம்பது டிகிரிக்குள் நிற்கிறதா, எஸ்எஸ்டியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். எம்.2 எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால், சாய்வாக முழுதும் உள்ளே தள்ளிய பிறகு படுக்க வைத்துத் திருகினீர்களா என்று பாருங்கள். என்விஎம்இ வகை வட்டை மட்டும் ஏற்கும் துளையில் சாட்டா வகை எம்.2 வட்டைச் சொருகினாலும் தெரியாது.

கடைசியாக, பூட் விளக்கு எரிந்துகொண்டு, ‘பூட் டிவைஸைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற செய்தி ஆங்கிலத்தில் வரும். என் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, எஸ்எஸ்டி பழுது என்று அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, வாங்கிய கடைக்கே எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “விண்டோஸ் ஏற்றினீர்களா, தம்பி?”